ஆறு நிறம், ஒரு பலகை

அத்தியாயம் 7

ரேடியேட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பலகை மத்தியானத்துக்கு மேல் தோலுரிய ஆரம்பித்தது.

முதலில் பார்த்தவர் வெர்ன் ஸெப்லி. சாண்ட்விச்சின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டே, "பாஸ், நம்ம சாட்சி சட்டையைக் கழட்டுறார்" என்றார்.

அது வெறும் பலகை இல்லை. வழக்கின் சாட்சியப் பொருள். கோட் ஸ்டாண்டை நகர்த்தும்போது அதைச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தது நான்தான். வக்கீல் அலுவலகத்தில் துப்பறிகிறவளாக வேலை பார்க்கிறேன், சாயங்காலங்களில் சட்ட உதவியாளர் வகுப்புக்குப் போகிறேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் செய்வதில்லை. அப்படியிருந்தும் சூடான இரும்புக்குப் பக்கத்தில் பெயின்ட் அடித்த மரத்தை வைத்திருக்கிறேன்.

ஓடிப்போய் எடுத்தேன். சாம்பல் நிறப் பெயின்ட் அப்பளம்போல் உப்பி ஒரு மூலையில் வெடித்திருந்தது. வெடித்த இடத்தில் எலுமிச்சை மஞ்சள் தெரிந்தது.

"சாம்பல் வீட்டுப் படிக்கு உள்ளே மஞ்சள் பனியன்" என்றார் வெர்ன்.

அவர் எங்கள் அலுவலகத்துக்கு வண்டி ஓட்ட வருவதற்கு முன்பு பிண வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். தன் பழைய பயணிகள் யாரும் பிரேக்கைக் குறை சொன்னதில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வயதில் என் அப்பாவைவிடப் பெரியவர். என்னை பாஸ் என்று கூப்பிடுவது மரியாதையா கிண்டலா என்று எனக்கு இதுவரை தெரியாது.

நான் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வழக்கில் நிறம் என்றால் சாதாரண விஷயம் இல்லை.

இரண்டாக உடைந்த அந்தப் பலகைதான் எங்கள் கட்சிக்காரர் பெர்னடெட் குல்ப் விழுந்த படி. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், தனி ஆள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கில், ஒரு சாம்பல் நிற வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஜனவரியில் ஒரு காலை வேலைக்குக் கிளம்பியபோது பின்வாசல் படி உடைந்து கீழே போனார். இடுப்பு எலும்பு போயிற்று. இனிமேல் பேருந்தின் பெடலை மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எலும்பு முறிந்தவர்களை நடக்கப் பழக்கும் ஒரு விடுதியில் இப்போது இருக்கிறார். மாதக் கடைசியோடு அந்த இடமும் முடிகிறது. அதற்குப் பிறகு படி இல்லாத ஒரு வீடு வேண்டும், அதை வைத்துக்கொள்ள வழி வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று விடுதியில் கேட்டதற்கு எங்கள் அலுவலக நம்பரைக் கொடுத்திருந்தார். வக்கீல் ரூத் பென்னாக் இதைப் போகிற போக்கில் சொன்னார். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது.

வீட்டுக்காரர் லீலண்ட் ஹான்பி. அவருக்கு ஆறு வீடுகள். மூன்று இங்கே டெலவேரில், மூன்று பென்சில்வேனியாவில். ஆறும் ஒரே நிறுவனத்துக்குள் இருந்தன. சட்டம் அந்த அமைப்பை சீரிஸ் எல்.எல்.சி. என்று சொல்கிறது. அஞ்சறைப்பெட்டியை நினைத்துக்கொண்டால் போதும். பெட்டி ஒன்று, மூடி ஒன்று, உள்ளே தனித்தனிக் கிண்ணங்கள். கடுகுக் கிண்ணத்தில் வண்டு விழுந்தால் மிளகைக் கொட்ட வேண்டியதில்லை. ஒரு வீட்டின் மேல் வரும் வழக்கு மற்ற வீடுகளைத் தொடாது. டெலவேர் சட்டம் இதை ஒப்புக்கொள்கிறது, ஆனால் எந்தப் பொருள் எந்தக் கிண்ணத்தைச் சேர்ந்தது என்று எப்போதும் பிரித்துக் காட்டும்படி இருக்க வேண்டும்.

சாம்பல் கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. வீடு கழுத்துவரை அடமானத்தில் இருந்தது. இன்ஷூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. படியை ஹான்பியே தன் கையால் ஆணி அடித்துப் போட்டார் என்பதால் அவர் மேலும் வழக்குப் போடலாம். ஆனால் அவர் பெயரில் ஒரு பழைய பிக்கப் வண்டியைத் தவிர எதுவும் கிடையாது. எல்லாம் பெட்டிக்குள். அதில் அடமானம் இல்லாமல் முழுசாக இருந்தது ஒரே ஒரு வீடு. கிளேமான்ட்டில் அவர் குடியிருந்த மஞ்சள் வீடு.

ரூத் இரண்டு வழிகள் சொல்லியிருந்தார். பென்சில்வேனியாவில் இப்படிப்பட்ட கிண்ணங்களுக்கு என்று தனிச் சட்டம் இல்லை. அங்குள்ள நீதிபதி, 'உங்கள் ஊர்க் கிண்ணக் கணக்கு எங்களுக்குத் தெரியாது, பெட்டி முழுவதும் ஒன்றுதான்' என்று சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். பெட்டி செய்த மாநிலத்தின் சட்டமே செல்லும் என்று அவர் நினைத்தால் கதை முடிந்தது. அந்தச் சண்டை வருஷக்கணக்கில் இழுக்கும், மாதக் கடைசி அதுவரை காத்திருக்காது. இன்னொரு வழி, டெலவேரின் நிபந்தனையையே எடுத்துக்கொண்டு, கிண்ணங்கள் உள்ளுக்குள் கலந்துவிட்டன என்று காட்டுவது. அது நடந்தால் எந்த மாநிலத்தின் சட்டம் பெரிது என்ற கேள்வியே வராது.

போன வாரம் வகுப்பில், வெளிமாநில நிறுவனம் தொழில் நடத்தும் மாநிலத்திலும் பதிவு செய்ய வேண்டும் என்று படித்தேன். ஹான்பி பென்சில்வேனியாவில் பதிவே செய்யவில்லை என்று கண்டுபிடித்து ரூத்திடம் மூச்சிரைக்க ஓடினேன். ரூத் கண்ணாடியைக் கழற்றினார்.

"அபராதம் வரும், க்வென். பதிவு பண்ற வரைக்கும் அங்க அவர் யார் மேலயும் வழக்குப் போட முடியாது. ஆனா அதனால கிண்ணம் உடையாது."

அதோடு என் கண்டுபிடிப்பு முடிந்தது.

மிச்சமிருந்தது நிறங்கள். ஹான்பி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் வைத்திருந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் டெலவேர். பச்சை, சாம்பல், பழுப்பு பென்சில்வேனியா. சுவர், வேலி, குப்பைத் தொட்டி வரைக்கும் அதே நிறம். எந்த நீதிபதியும் ஒரு பார்வையில் பிரித்துவிடலாம், அந்த ஆளின் பெயின்ட் டப்பாதான் நமக்கு எதிரி என்று ரூத் புலம்பியிருந்தார்.

இப்போது சாம்பலுக்கு அடியில் மஞ்சள்.

"பழைய மரக் கடையில வாங்கியிருக்கலாம்" என்றேன். "மஞ்சள் உலகத்துல ஒருத்தருக்கு மட்டும் சொந்தம் இல்லையே."

"சந்தேகப்படத்தான் உங்களுக்குச் சம்பளம் பாஸ். எனக்கு வண்டி ஓட்ட." வெர்ன் சாவியை எடுத்தார். நான் பலகையைப் படம் எடுத்து, காகிதத்தில் சுற்றி, பின் சீட்டில் படுக்க வைத்தேன். வெர்ன் பழக்க தோஷத்தில் அதற்கும் பெல்ட் போட்டார்.

முதலில் சாம்பல் வீட்டுக்குப் போனோம். பெர்னடெட் எனக்குச் சாவி கொடுத்திருந்தார், ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி. எல்லையைத் தாண்டும்போது, "வேற மாநிலம், வேற சட்டம், அதே ரோட்டுக் குழி" என்று வெர்ன் அறிவித்தார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் சின்னத் தீ எரிந்துகொண்டிருந்தது. தெருவில் ஆள் இல்லை.

வாசல் கதவைத் திறந்ததும் கீல் இருக்கும் விளிம்பைப் பார்த்தேன். அங்கே யாரும் இரண்டாவது பூச்சு அடிப்பதில்லை. மஞ்சள். சமையலறைக் கதவின் விளிம்பும் மஞ்சள். மாடிப்படிக் கைப்பிடியின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் அதுவும் மஞ்சள்.

"ஒரு பலகைன்னா தற்செயல். கதவு, கைப்பிடி எல்லாம்னா குடும்பமே ஓடி வந்திருக்கு" என்றார் வெர்ன்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பாத்திரம் உலர்த்தும் தட்டில் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன் இருந்தன. விழுந்த நாளிலிருந்து அப்படியே இருக்கின்றன போலும். ஆனால் காபிக் கோப்பைகள் மட்டும் இரண்டு. தன்னைப் பார்க்க யாரும் வருவதில்லை என்று பெர்னடெட் என்னிடம் சொல்லியிருந்தார். பொருந்தாத எதையும் குறித்துக்கொள்வது என் பழக்கம். இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே குறித்துக்கொண்டேன்.

அங்கிருந்து கிளேமான்ட்டுக்கு வந்தோம். மஞ்சள் வீடு வெளியிலிருந்து பார்க்கத் திடமாக இருந்தது. முன்வாசல் தரையோடு தரையாக, படியே இல்லாமல் இருந்ததைக் கவனித்தேன். ஹான்பி கராஜில் இருந்தார். உயரமான, கூன் விழுந்த மனிதர், எழுபதைத் தாண்டியவர். தலையில் காது மூடும் தொப்பி.

நான் யார், யாருக்காக வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொன்னேன். வக்கீல் இருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். ஹோட்டலில் நடந்த ஒரு வகுப்புக்குப் போய், அவர்கள் சொன்னபடி தானே பெட்டி செய்துகொண்டாராம். பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. உள்ளே வாருங்கள், கராஜைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

சுவரில் ஆறு பனி வாரும் மண்வெட்டிகள், ஆறு நிறக் கைப்பிடிகளோடு. ஆறு சுத்தியல், ஆறு ஏணி, ஆறு விளக்குமாறு. ஆறு பாங்கில் ஆறு கணக்கு. பச்சை வீட்டில் பனி வாரிவிட்டுப் பழுப்பு வீட்டுக்குப் போனால், வண்டியில் இருக்கும் பச்சை மண்வெட்டியைத் தொட மாட்டாராம். வேறு எடுத்துவருவாராம்.

வெர்ன் அப்படியே நின்றார். "அப்போ நீங்க குடியிருக்கிற இந்த வீடு?"

"இதுவும் மூணாம் நம்பர் சீரிஸோட வீடு. நான் அதுக்கு மாசாமாசம் வாடகை கட்டுறேன்."

"வீட்டுக்காரர் தொல்லை உண்டா?"

"இல்ல. அவர் பேசவே மாட்டார்" என்றார் ஹான்பி. சிரிக்காமல் சொன்னார். கிண்டலில் வெர்னை ஒருவர் மிஞ்சி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்ஷூரன்ஸ் ஏன் போயிற்று என்று கேட்டேன். சாம்பல் கணக்கில் பணம் போதவில்லை என்றார். மஞ்சள் கணக்கில் இருந்ததே என்றேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரு கிண்ணத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் போடக் கூடாது, வகுப்பில் முதல் நாளே சொன்ன பாடம் அது என்றார்.

எனக்குள் எல்லாம் சரிந்தது. இவரைவிடச் சுத்தமாகப் பிரித்து வைக்கிற மனிதர் இரண்டு மாநிலத்திலும் கிடைக்க மாட்டார். கதவு விளிம்பின் மஞ்சளுக்கும் ஏதாவது ரசீது வைத்திருப்பார். பெர்னடெட்டிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெர்ன் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். ஹான்பி ஒரு நொடி தயங்கினார். பிறகு, சமையலறையைத் தாண்டி இடது பக்கம் என்றார்.

வெர்ன் போன வேகத்தில் திரும்பி வந்து என் காதருகே குனிந்தார்.

"பாஸ், இந்த வீட்டுல டாய்லெட்டுக்குக் கதவு இல்ல."

"என்ன?"

"டாய்லெட்டுக்கு மட்டும் இல்ல. எதுக்குமே இல்ல."

உள்ளே வரலாமா என்று ஹான்பியிடம் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கம்மா என்றார்.

வெளியே முழு வீடு. உள்ளே கூடு. அறைக்கு அறை வெற்றுச் சட்டங்கள், கீல் இருந்த இடத்தில் குழிகள். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. கணப்புக்கு மேலே மரச் சட்டம் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. சமையலறையில் அடுப்பு இல்லை, அது இருந்த சதுரம் மட்டும் தரையில் புதுசாக இருந்தது. ஒரு மின்சார அடுப்புத் தட்டு, ஒரு மடக்குக் கட்டில், ஒரே ஒரு நாற்காலி. உட்காரச் சொல்ல அவருக்கு இடம் இல்லை. அதனால்தான் கராஜிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

பின்கதவு மட்டும் இருந்தது. வெர்ன் அதைத் திறந்து வெளியே கால் வைத்தார். சட்டென்று கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"அதுல கவனமா இருக்கணும்" என்றார் ஹான்பி. "மேல் படி இல்ல. நான் தாண்டிப் பழகிட்டேன்."

பின்வாசல் படிகள் எல்லாம் மஞ்சள். மேல் படி இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின பனியிலிருந்து என்றார். ஏன் இன்னும் புதுசு போடவில்லை என்றேன்.

"இந்த வாசல்ல வேற யாரும்மா வர்றாங்க."

வெர்ன் வண்டிக்குப் போய்ப் பலகையை எடுத்துவந்தார், நல்லடக்கத்துக்குக் கொண்டுபோகிற கவனத்தோடு. காகிதத்தைப் பிரித்ததும் ஹான்பியே முன்னால் வந்தார். இது என்னோடதுதான் என்று சொல்லிவிட்டு, உடைந்த இரண்டு துண்டையும் இடைவெளியில் வைத்தார். ஆணி ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின. மஞ்சள் படிகளுக்கு மேலே ஒரு சாம்பல் படி. நான் படம் எடுத்தேன். சரிபார்க்க இன்னொன்றும் எடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை" என்றார் அவர். "அந்தம்மா போன் பண்ணாங்க, படி ஆடுதுன்னு. நல்ல பனி. மரக்கடை மூடியிருந்தது. அவங்க திங்கள் விடியக்காலையில வேலைக்குப் போகணும். அதான் என்னோட படியைக் கழட்டி எடுத்துட்டுப் போனேன். அங்க போட்டப்புறம் சாம்பல் அடிச்சேன். இப்ப அது சாம்பல் வீட்டுதுதானே." அவர் பலகையைத் தடவினார். "என் வாசல்ல அது நல்லாத்தான் இருந்தது. அடியில உளுத்திருந்ததை நான் பார்க்கல. பார்த்திருக்கணும்."

இந்த வீட்டிலிருந்து போன மற்ற சாமான்களுக்கு மஞ்சள் கணக்குக்கு என்ன வந்தது என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்தது.

"மத்த அஞ்சு வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. அதுக்குப் பணம் எதுக்கு வரணும்? பணத்தைத்தானேம்மா கலக்கக் கூடாதுன்னாங்க. மரத்தைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

அந்த ஒரு வாக்கியத்தில் பெட்டி திறந்துகொண்டது. ஒரு டாலரைக்கூட நகர்த்தாத மனிதர், ஒரு வீட்டையே கழற்றி இரண்டு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். கொடுத்ததன் மேல் புது நிறம் அடித்து, எது எங்கிருந்து வந்தது என்ற அடையாளத்தையும் தானே அழித்திருக்கிறார். ரூத்துக்கு இது போதும். ஆனால் அவர் அதைத் தன் நல்ல குணத்துக்குச் சாட்சியாகச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. அதுவும் உண்மைதான்.

"சார், இதுக்கு மேல என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க" என்றேன். "இப்ப நீங்க சொன்னதை நான் எங்க வக்கீல்கிட்ட சொல்லித்தான் ஆகணும். நாளைக்கே நீங்க ஒரு வக்கீலைப் பாருங்க. இந்த வீடு போகலாம்."

அவர் தலையாட்டினார். வீடு என்ற சொல்லைக் கேட்டதும் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார், அதில் இன்னும் என்ன மிச்சம் என்று தேடுகிறவர்போல.

வெர்ன்தான் கேட்டார். கேட்கக் கூடாது என்று நான் கண் காட்டியும் கேட்டார், அதுவும் கிண்டல் இல்லாமல். "புதுக் கதவு வாங்க உங்க கணக்குல பணம் இருந்துச்சு. அப்புறம் ஏன் உங்க வீட்டைப் பிச்சீங்க?"

ஹான்பி யோசித்தார். மனைவி அர்லீன் போன பிறகு இந்தக் கதவுகளை மூடவும் திறக்கவும் ஆள் இல்லை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கடையில வாங்கினா கடைக்காரனே வந்து மாட்டிட்டுப் போயிடுவான். நான் எடுத்துட்டுப் போனா, மாட்டி முடிச்சதும் ஒரு காபி குடுப்பாங்க."

உலர்த்தும் தட்டில் இருந்த இரண்டாவது கோப்பை யாருடையது என்று அப்போது தெரிந்தது.

அங்கிருந்து பெர்னடெட்டின் விடுதிக்குக் கிளம்பினோம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வானம் ஒரே மாதிரி மங்கியது. நான் ரூத்துக்கு போன் செய்து சொன்னேன். நான் சொன்ன எச்சரிக்கை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். ரூத், நல்ல வேலை க்வென் என்றார். மஞ்சள் வீட்டை விற்கவோ கைமாற்றவோ முடியாதபடி தடை வாங்கக் காலையிலேயே கோர்ட்டுக்குப் போவதாகச் சொன்னார். ஹான்பிக்கு யார் வக்கீலாக வந்தாலும் மாதக் கடைசிக்குள் பேசி முடிக்கத்தான் பார்ப்பார் என்றார். இந்த வருஷம் முழுவதும் அவர் வாயிலிருந்து நான் கேட்க விரும்பிய பாராட்டு அது. போனை வைத்த பிறகு அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று வகுப்புக்குப் போகவில்லை.

விடுதியில் சாப்பாட்டு நேரம். பொதுக் கூடத்தில் டிவி யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது. பெர்னடெட் ஜன்னல் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தார். எதிரே மசித்த உருளைக்கிழங்கு ஆறிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "செடி உயிரோட இருக்கா கண்ணு?" என்றார்.

இருக்கிறது என்றேன். பிறகு மற்றதைச் சொன்னேன். மஞ்சள் வீட்டைத் தொட முடியும், மாதக் கடைசிக்குப் பிறகு எங்கே போவது என்ற கவலை வேண்டாம், படி இல்லாத ஒரு வீடு கிடைத்துவிடும் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார். நெடுநாள் அடக்கி வைத்திருந்த மூச்சு. அப்புறம், அந்த மஞ்சள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஹான்பி என்றேன். கதவுகளைப் பற்றிச் சொன்னேன். காபியைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்வது என் வேலையா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

பெர்னடெட் ரொம்ப நேரம் முள்கரண்டியால் உருளைக்கிழங்கில் கோடு போட்டார்.

"நின்னுட்டேதான் குடிப்பார்" என்றார். "உட்காருங்கன்னா, வேணாம், வேலை முடிஞ்சுது, கிளம்பறேம்பார். கிளம்பவும் மாட்டார். நான் அவரை ஒரு ஆளா கணக்குல எடுத்துக்கவே இல்ல. ரிப்பேருக்கு வந்தவர்தானேன்னு விட்டுட்டேன்."

"வழக்கை என்ன பண்ணலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

"வேணாம்னு சொல்ற வசதி எனக்கு இல்ல, கண்ணு. இது என் கால்." அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "போடுங்க. முழுசாப் போடுங்க. அந்த போனைக் கொஞ்சம் எடு."

எடுத்துக் கொடுத்தேன். நம்பரை மனப்பாடமாக அழுத்தினார். படி ஆடுகிறது, குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதற்காக மட்டுமே அழுத்திய நம்பர். வெர்ன் என் பக்கம் சாய்ந்து, வழக்குப் போட்டவரும் எதிராளியும் போனில் பேசினால் உங்கள் வகுப்பில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். அந்தப் பாடம் இன்னும் வரவில்லை என்றேன்.

"நான்தான், குல்ப்" என்றார் பெர்னடெட். "கேஸ் நடக்கும். அதை நான் நிறுத்தப்போறதில்ல, சொல்லிட்டேன்." அந்தப் பக்கம் ஏதோ சொன்னது. "ஆமா, நிறையவே வலிக்குது." மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். டிவியில் யாரோ கைதட்டினார்கள்.

"இங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் வெளியாளுங்களை உள்ள விடுவாங்க. காபி கேவலமா இருக்கும்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. "இல்ல, எதுவும் ஆடல. எதுவும் ஒழுகல. கையில ஒண்ணும் எடுத்துட்டு வர வேணாம்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல் வந்திருக்க வேண்டும், கேள்வியாக.

"ஆமா" என்றார் பெர்னடெட். "சும்மாதான்."